கஃப்பின் வயிற்றில் ஒரு புள்ளி

புதன்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர்
வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து
வலமிருந்து இடமாக வாசிக்கிறோம்.
பல்வைத்தியர் கொரேரா.
வங்கியிலிருந்து கழுத்துப்பட்டியோடு வரும் இருதயநேசன்.
அரபு தெரிந்ததால் எப்போதும் ஒரு வரி முன்னே போய்விடும் ஃபஸ்லியா;
நீ ஏன் வருகிறாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.
நான்.
ரயில் வந்தால் வாயை மூடிக்கொள்வோம்,
வினைச்சொல் பாதியில் நிற்கும்,
கடைசிப் பெட்டி பம்பலப்பிட்டிப் பக்கம் போனபிறகு
மீதியைச் சொல்வோம்.

பகலில் எனக்கு வேறு வேலை.
புதுக்கடை நீதிமன்றத்தில் நான் முதலியார்.
அது சாதியல்ல, உத்தியோகம்:
தமிழில் அழுவதைச் சிங்களத்தில் அழாமல் சொல்வது.
பெண்ணென்றாலும் முதலியார்தான்,
அந்தச் சொல்லுக்குப் பெண்பால் யாரும் செய்து வைக்கவில்லை.

அந்தப் புதனில் நான்கே எழுத்துப் படித்தோம்.
அலேஃப், யோத், கஃப், ஹே.
உயிரை எழுதாத காலத்து எழுத்து.
கஃப்பின் வயிற்றில் ஒரு புள்ளி விழுந்தால் வல்லினம்:
அய்யெக்கா. எங்கே இருக்கிறாய்?
மரங்களுக்குள் ஒளிந்துகொண்டவனைத் தேடி வந்து
தோட்டக்காரர் கேட்டது.
புள்ளியை எடுத்துவிட்டால் வெறும் மூச்சு:
ஏஃகா. எப்படி!
எரிந்த நகரத்தின் முன்னால் நின்று
ஒருவன் ஒப்பாரி தொடங்கிய முதற்சொல்.

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று
நம்மவர்களும் வைக்காமல் விட்டதுண்டு
வாசிப்பவனை நம்பி, என்றார் கொரேரா.
எங்கே, எங்ஙனம்: நமக்கும் அடுத்தடுத்த வீடுதானே, என்றான் நேசன்.
'ஏக்கம்' என்று சொல்ல எனக்கு நுனிநாக்குவரை வந்தது.
ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது,
விழுங்கிக்கொண்டேன்.
எங்களுக்கு அய்ன வேறு, கய்ஃப வேறு,
கலக்க மாட்டோம், என்றாள் ஃபஸ்லியா.
ரயில் வந்தது.

வியாழன் காலை ஆட்கொணர் மனு.
மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பிலோமினம்மா
செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுக் கூண்டில் ஏறினா.
பதினேழாவது தவணை என்றது கோப்பு.
அரச சட்டத்தரணி ஏதோ ஒரு திகதி கேட்டார்.
அவ திகதி சொல்லவில்லை.
"எங்கை, ஐயா?"
அவ்வளவுதான்.

நான் வாய் திறந்தேன்.
கொஹேத என்று வந்திருக்க வேண்டும்.
கொஹொமத என்று வந்தது.
எப்படி.
சிங்களத்திலும் அவை ஒரே மதிலைப் பங்குபோட்ட வீடுகள்,
இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும்
நான் படலை மாறிப் போனதில்லை.

நீதிபதி நிமிர்ந்தார்.
எது எப்படி, என்று கேட்டார்.
தட்டச்சு நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.
கனம் நீதிபதி அவர்களே, பிழை என்னுடையது,
'எங்கே' என்று பதிய வேண்டும்.
அந்தப் பெண் சொல்லின்மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து
மேலே சரியானதை எழுதி நீட்டினாள்.
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்,
பேனா இரண்டுதரம் எழுத மறுத்தது.
அடுத்த தவணை ஒக்டோபர்.

விறாந்தையில் என் சேலைத் தலைப்பைப் பிடித்தா பிலோமினம்மா.
"பிள்ளை, அவர் ஏன் நிமிர்ந்து பாத்தவர்?
என்னவும் தெரிஞ்சிட்டுதோ?"
இல்லையம்மா.
நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன்.
கொஞ்சநேரம் யோசித்தா.
"பிழையெண்டாலும் பறவாயில்லை.
இத்தினை தவணையிலை இண்டைக்குத்தான் பாத்தவர்."

பிறகு குனிந்து அங்குமிங்கும் தேடினா.
"செருப்பு எங்கை?"
வாங்குக்குக் கீழே,
யாரோ காலால் தள்ளிவிட்டிருந்தார்கள்,
ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.